டெஸ்ட் பெட்டுக்குப் போகும் முன்: மையவிலக்கு பம்பின் செயல்திறனை மென்பொருளில் கணிப்பது

நான் முதன்முதலில் சிமுலேஷன் போட்டது ஒரு சாதாரண மோனோபிளாக் பம்புக்கு. விநாடிக்கு 10 லிட்டர், 30 மீட்டர் ஹெட் (நீரைத் தூக்கும் உயரம்), 2900 ஆர்பிஎம். கோயம்புத்தூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி ஒரு பம்பைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். கணினி 10 லிட்டரில் 32.4 மீட்டர் ஹெட், 87 சதவீதத் திறன் என்று சொன்னது. கலர் கலராகப் படங்களோடு அறிக்கை தயார் செய்துவிட்டேன். பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெட்டில் ஏற்றியபோது வந்தது 28.6 மீட்டர், 66 சதவீதம். பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க கம்ப்யூட்டர் கேசிங்குல மணலே ஒட்டாதுங்களா தம்பி?" என்றார்.

கேசிங் என்பது மணல் அச்சில் வார்க்கும் பம்பின் வெளிக்கூடு. அவர் கேட்டதற்குச் சரியான பதில் சொல்ல எனக்கு நாலைந்து மாதம் ஆனது. அந்த மாதங்களில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அதே பம்பையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் காகிதம்

மென்பொருளை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். முதலில் தெரிய வேண்டியது குறிப்பு வேகம், அதாவது ஸ்பெசிபிக் ஸ்பீடு. ஆர்பிஎம்மை ஓட்டத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, ஹெட்டின் 0.75 அடுக்கால் வகுக்க வேண்டும். ஓட்டம் விநாடிக்குக் கன மீட்டரில், ஹெட் மீட்டரில். நம் பம்புக்கு 2900 × 0.1 ÷ 12.82, அதாவது 22.6. இது ஒடுக்கமான வாயுள்ள ரேடியல் இம்பெல்லரின் எண். இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழலும் சக்கரம்; ரேடியல் என்றால் நீரை ஆரத்திசையில் வெளியே தள்ளுவது. சில மென்பொருள்கள் இதையே அமெரிக்க அலகில் 1167 என்று காட்டும். அங்கே ஓட்டம் நிமிடத்துக்குக் கேலனில், ஹெட் அடியில். எண் சுமார் 51.6 மடங்கு பெரிதாகும். இது தெரியாமல் தவறான வரைபடத்தைப் பார்த்துத் திறனை எடுத்துவிட்டு, பிறகு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து விட்டம். இந்த வகை இம்பெல்லருக்கு ஹெட்டை விளிம்பு வேகத்தோடு இணைக்கும் விகித எண்ணான ஹெட் குணகத்தை 1 என்று வைத்தால், வெளிவிளிம்பின் வேகம் 2 × 9.81 × 30 என்பதன் வர்க்கமூலம்: விநாடிக்கு 24.3 மீட்டர். 2900 ஆர்பிஎம்மில் இந்த வேகம் வர 160 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. மென்பொருள் நாளைக்கு 210 மில்லிமீட்டர் என்று சொன்னால், உள்ளே எதையோ தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

இப்போது ஆய்லர் சமன்பாடு. இம்பெல்லர் கொடுக்கும் ஹெட் என்பது விளிம்பின் வேகத்தை, வெளியேறும் நீரின் சுழல்வேகத்தால் பெருக்கி, 9.81-ஆல் வகுத்தது. சக்ஷனில், அதாவது நீர் உள்ளே வரும் பக்கத்தில், நீர் சுழலாமல் நேராக நுழைகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். வாயின் அகலம் 10 மில்லிமீட்டர், வேன்கள் 6 (வண்டி வேன் இல்லை, இம்பெல்லருக்குள் இருக்கும் வளைந்த தகடுகள்), அவற்றின் தடிமன் 4 மில்லிமீட்டர், வெளிக்கோணம் 25 டிகிரி. உள்ளேயே திரும்பிக் கசியும் நீரையும் சேர்த்து இம்பெல்லர் வழியே 10.5 லிட்டர் போகிறது. வேன் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஆரத்திசை வேகம் விநாடிக்கு 2.36 மீட்டர். அதைக் கோணத்தின் டேன்ஜென்டால் வகுத்தால் 5.05. விளிம்பு வேகத்தில் இதைக் கழித்தால் 19.2.

நீர் வேன் காட்டும் கோணத்திலேயே ஒழுங்காக வெளியேறினால் இது சரி. ஆனால் ஆறே ஆறு வேன்களுக்கு நடுவில் அது கொஞ்சம் பின்வாங்கித்தான் வரும். இதுதான் நழுவல். மோட்டாரின் ஸ்லிப் வேறு, இது வேறு. ஒரே மேசையில் இரண்டைப் பற்றியும் பேசினால் குழப்பம் உறுதி. வீஸ்னர் 1967-இல் கொடுத்த சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது: கோணத்தின் சைன் மதிப்புக்கு வர்க்கமூலம் எடுத்து, வேன் எண்ணிக்கையின் 0.7 அடுக்கால் வகுக்க வேண்டும். நமக்கு 0.65 ÷ 3.5, அதாவது 0.1855. விளிம்பு வேகத்தில் இவ்வளவு பங்கு போய்விடும்: 4.5. ஆகச் சுழல்வேகம் 14.7. இம்பெல்லர் தரும் ஹெட் 36.5 மீட்டர். ஹைட்ராலிக் திறன் (நீரோட்டத்தில் ஆகும் இழப்பை மட்டும் கழித்தது) 82 சதவீதம் என்று வைத்தால் கையில் கிடைப்பது 30 மீட்டர்.

காகிதத்தில் அரை மணி நேரம் செலவழித்தால் போதும், பம்பின் எலும்புக்கூடு கையில் வந்துவிடும். இந்த எண்களை ஒரு எக்செல் தாளில் ஏற்றி, ஓட்டத்தை மட்டும் மாற்றினால் ஹெட் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஓட்டம் பூஜ்யமாகும்போது இந்தக் கணக்கு 49 மீட்டர் என்று காட்டும். அதை நம்பாதீர்கள். வால்வை மூடினால் உள்ளே நீர் சுழன்று சுழன்று சக்தியைத் தின்னும். இந்த மாதிரிப் பம்பில் ஷட்-ஆப் ஹெட் நடைமுறையில் 36 மீட்டரை ஒட்டித்தான் நிற்கும்.

கேசிங்கை மறந்துவிடுவது

புதிதாக வருபவர்களின் கவனம் முழுக்க இம்பெல்லரிலேயே இருக்கும். வேன் கோணத்தை அரை டிகிரி மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் பம்பின் உச்சத் திறன் எந்த ஓட்டத்தில் விழும் என்பதை இம்பெல்லர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கேசிங்கின் தொண்டைக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு. தொண்டை என்பது வால்யூட் (இம்பெல்லரைச் சுற்றி அகன்றுகொண்டே போகும் நத்தை ஓடு போன்ற பாதை) முடிந்து டெலிவரி (நீர் வெளியேறும் பக்கம்) தொடங்கும் இடத்தில், நாக்கு எனப்படும் கேசிங்கின் கூர்முனைக்கு எதிரே உள்ள மிகக் குறுகிய வாய்.

கணக்கு எளிது. இம்பெல்லரை விட்ட நீர் தன் சுழற்சியைக் காப்பாற்றிக்கொண்டே போகிறது: ஆரம் கூடினால் வேகம் அதே விகிதத்தில் குறையும். 80 மில்லிமீட்டர் ஆரத்தில் 14.7 என்றால், தொண்டை மையம் இருக்கும் 100 மில்லிமீட்டர் ஆரத்தில் 11.8. விநாடிக்கு 10 லிட்டர் இந்த வேகத்தில் போக 848 சதுர மில்லிமீட்டர் வேண்டும், அதாவது சுமார் 33 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம். இந்த 33-ஐ நினைவில் வையுங்கள். கடைசியில் இது திரும்ப வரும்.

எந்த மென்பொருள்?

இதற்கு நான் ரொம்ப நேரம் ஒதுக்க மாட்டேன். சிஎஃப்டர்போ போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் மேலே போட்ட அதே கணக்கை, இன்னும் நுணுக்கமான அனுபவச் சூத்திரங்களோடு போட்டு, முப்பரிமாண வடிவத்தையும் வரைந்து தரும். ஓட்டத்தைச் செல் செல்லாகப் பிரித்துத் தீர்ப்பது சிஎஃப்டி. ஆன்சிஸ் சிஎஃப்எக்ஸ் பம்புக்காரர்களிடையே பழகிய பெயர். சுழலும் இயந்திரங்களுக்கு வேண்டிய வசதிகள் அதில் தயாராக இருக்கும், ஆனால் உரிமத்துக்குக் காசு வேண்டும். ஓப்பன்ஃபோம் இலவசம்; பதிலுக்கு அது உங்கள் பொறுமையைக் கேட்கும். சிறிய பட்டறையில் இருப்பவரென்றால் எக்செல் தாளும் ஓப்பன்ஃபோமும் போதும் என்பது என் கட்சி.

சிஎஃப்டி: வரிசையாக

நீர் இருக்கும் இடத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள். நமக்கு வேண்டியது இரும்பு அல்ல, இரும்புக்குள் இருக்கும் வெற்றிடம். அதை மூன்று துண்டாக்குங்கள்: சக்ஷன் குழாய், இம்பெல்லர், வால்யூட். சக்ஷன் பக்கம் குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு, டெலிவரியில் ஐந்து முதல் பத்து மடங்கு நேரான நீளத்தைக் கூடுதலாக ஒட்டுங்கள். பிளாஞ்சிலேயே வெட்டி நிறுத்தினால், சுழன்று வரும் நீர் வெளிவாயில் திரும்ப உள்ளே நுழையப் பார்க்கும்; கணக்கும் ஆட்டம் காணும்.

மெஷ், அதாவது செல்களின் வலை, போடும்போது முதல் முயற்சிக்கு 15 முதல் 20 லட்சம் செல் போதும். சுவரை ஒட்டி மெல்லிய அடுக்குகளைக் கொடுங்கள். கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாதிரிதான் பம்புக்கு வழக்கமான தேர்வு. சுவர்ச் சூத்திரத்தோடு போனால் சுவரிலிருந்து முதல் செல் எவ்வளவு தூரம் என்று காட்டும் ஒய்-பிளஸ் என்ற அளவு 30-க்கு மேல் இருக்க வேண்டும். சுவர் வரைக்கும் தீர்க்கப் போகிறீர்கள் என்றால் 1-ஐ ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் 8, 10 என்று தொங்கினால் திறன் எண்ணை முழுசாக நம்ப முடியாது.

பிறகு அதே பம்புக்கு 40 லட்சம், 80 லட்சம் என்று மெஷ்ஷை நெருக்கி மறுபடி ஓட்டுங்கள். ஹெட்டின் மாற்றம் 1 சதவீதத்துக்குள் அடங்கினால், அடங்கிய இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் வந்த எண்ணை மேலதிகாரி கேள்வி கேட்டால், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

எல்லை நிபந்தனைகளில் உள்வாயில் ஓட்டத்தையும் வெளிவாயில் அழுத்தத்தையும் கொடுக்கலாம், அல்லது உள்வாயில் மொத்த அழுத்தம், வெளிவாயில் ஓட்டம். இரண்டு பக்கமும் அழுத்தத்தைக் கொடுத்து ஓட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். ஓட்டத்துக்கு எதிரே ஹெட்டை வரைந்த கர்வ் தட்டையாக இருக்கும் பகுதியில் அது அங்கும் இங்கும் அலையும்.

சுழற்சிக்கு முதலில் நிலையான முறையைப் பயன்படுத்துங்கள். இதில் இம்பெல்லர் உண்மையில் அசையாது; அந்தப் பகுதியின் சமன்பாடுகளில் மட்டும் சுழற்சி சேர்க்கப்படும். உறைந்த ரோட்டர் என்று பெயர். வேகமாக முடியும். ஒரு குறை: வேன் நாக்குக்கு நேராக நிற்கிறதா தள்ளி நிற்கிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆறு வேன் என்றால் வேனுக்கு வேன் 60 டிகிரி. 15 டிகிரி விட்டு நான்கு நிலைகளில் ஓட்டிச் சராசரி எடுங்கள். முக்கியமான ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு மட்டும் உண்மையாகவே சுழலவிட்டு, நேரத்தோடு தீர்க்கலாம். 2900 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 20.7 மில்லிவிநாடி, அடிக்கு 2 டிகிரி என்றால் சுற்றுக்கு 180 அடி. முதல் சில சுற்றுகளைத் தள்ளிவிட்டுக் கடைசிச் சுற்றின் சராசரியை எடுக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வேலை இது.

எத்தனை புள்ளிகள்? வடிவமைப்பு ஓட்டத்தில் 60, 80, 100, 120 சதவீதம் என்று நான்கு போதும். 60-க்குக் கீழே நிலையான முறை தரும் எண்ணைக் கர்வில் கோடாகச் சேர்க்காதீர்கள். அங்கே நீரின் போக்கே நிலையானதல்ல.

ஓப்பன்ஃபோமில் நான் விழுந்த குழிகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அமுங்காத ஓட்டத்தின் கணக்கில் அது காட்டும் அழுத்தம் பாஸ்கல் அல்ல, அடர்த்தியால் வகுத்தது. மொத்த அழுத்தத்தின் வித்தியாசம் 294 என்று வந்தபோது, பம்ப் ஓடவே இல்லை என்று நினைத்து இரண்டு நாள் மெஷ்ஷைக் குடைந்துகொண்டிருந்தேன். 294-ஐ 9.81-ஆல் வகுத்தால் 30 மீட்டர். விடை முதல் நாளே கண் முன்னால் இருந்திருக்கிறது.

இரண்டு, சுழல்வேகம் ஆர்பிஎம்மில் அல்ல, விநாடிக்கு ரேடியனில்: 303.7. குறியும் முக்கியம். பம்பைத் தலைகீழாகச் சுற்றினாலும் மென்பொருள் முணுமுணுக்காமல் ஒரு ஹெட்டைக் கொடுக்கும். ஹெட் கைக்கணக்கை விட மிகவும் குறைந்து, திறனும் படுத்துக் கிடந்தால் முதலில் திசையைப் பாருங்கள்.

மூன்று, முறுக்குவிசை. அடர்த்தியை அங்கே தனியாகக் கொடுக்க வேண்டும்; 1 என்று விட்டுவிட்டால் ஆயிரம் மடங்கு பிசகும். ஒரே ஒரு வேன் இடைவெளியை மட்டும் தீர்த்திருந்தால் 6-ஆல் பெருக்குவதும் உங்கள் பொறுப்பு. நம் பம்புக்கு 12, 13 நியூட்டன் மீட்டரை ஒட்டி வர வேண்டும்.

மென்பொருள் சொல்லாமல் விட்டது

இனிதான் அந்த அண்ணனின் கேள்வி.

87 சதவீதம் என்று நான் எழுதியது பம்பின் திறனே அல்ல. அது இம்பெல்லரும் வால்யூட்டும் சேர்ந்த ஹைட்ராலிக் திறன் மட்டும்; அதுவும் கண்ணாடிபோல் வழுவழுப்பான சுவருக்கு. நீங்கள் சொல்லாவிட்டால் மென்பொருள் எல்லாச் சுவரையும் வழுவழுப்பாகவே எடுத்துக்கொள்ளும். மணல் அச்சில் வார்த்த இரும்பு அப்படியா இருக்கிறது? சொரசொரப்பைச் சுவர் நிபந்தனையில் கொடுத்தபோது 87 என்பது 83-ஐ ஒட்டி இறங்கியது, ஹெட்டிலும் ஒரு மீட்டருக்கு மேல் போனது. இம்பெல்லர் வாய் குறுகலாக இருக்கும் சிறிய பம்புகளில் இந்த அடி இன்னும் பலமாக விழும்.

அடுத்து கசிவு. டெலிவரி அழுத்தத்தில் இருக்கும் நீர், இம்பெல்லர் கண்ணை (நீர் நுழையும் வாயை)ச் சுற்றியுள்ள வியர் ரிங் என்ற தேய்மான வளையத்தின் இடுக்கு வழியாகச் சக்ஷனுக்கே திரும்பி ஓடுகிறது. என் மாடலில் அந்த இடுக்கே இல்லை. 75 மில்லிமீட்டர் விட்டம், கால் மில்லிமீட்டர் இடைவெளி, இரு பக்கமும் 22 மீட்டர் ஹெட் வித்தியாசம், பாய்வுக் குணகம் 0.45 என்று போட்டால் விநாடிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் வரும். நாம் எடுத்த 10.5-இல் அந்த 0.5 இதுதான். ரிங் தேய்ந்து இடைவெளி அரை மில்லிமீட்டர் ஆனால் கசிவு இரட்டிப்பாகும்.

மூன்றாவது தட்டு உராய்வு. இம்பெல்லரின் முன், பின் தட்டுகள் கேசிங்கில் நிற்கும் நீரைத் தேய்த்துக்கொண்டே சுற்றுகின்றன. இந்த இழப்பு வேகத்தின் கனத்திலும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கிலும் ஏறும். நம் 160 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ கால் கிலோவாட். பேரிங், சீலுக்கு ஒரு 0.1 கிலோவாட்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 10 லிட்டரை 30 மீட்டர் தூக்க நீருக்குப் போவது 2.94 கிலோவாட். ஹைட்ராலிக் 82, கசிவுக்கு 95 சதவீதம் என்று வகுத்தால் 3.78. அதோடு தட்டும் பேரிங்கும் சேர 4.13. திறன் 71 சதவீதம். 87 எங்கே, 71 எங்கே? மோனோபிளாக்கில் மோட்டாரும் சேர்ந்தே இருக்கும்; அதன் திறன் 85 என்றால் பம்ப்செட்டின் மொத்தத் திறன் 60. எந்தத் திறனைப் பேசுகிறோம் என்பதை அறிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

நீர் ஆவியாகிக் குமிழ் கட்டுவது, அதாவது கேவிட்டேஷன், தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே ஒன்று மட்டும்: சாதாரண சிமுலேஷனில் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் மென்பொருள் கவலைப்படாது. வேன் நுனியில் மிகக் குறைந்த அழுத்தம் என்ன என்று நீங்களாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருப்பதால், வளிமண்டல அழுத்தம் கடலோரத்தைவிடக் கிட்டத்தட்ட அரை மீட்டர் நீர் அளவுக்குக் குறைவு. சக்ஷன் கணக்கில் 10.3 மீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

பெட்டில் வந்த எண்ணோடு உட்காருவது

ஒப்பிடும் முன் வேகத்தைச் சரிசெய்யுங்கள். என் சிமுலேஷன் 2900-இல். பெட்டில் பம்ப் ஓடியது 2860-இல், ஏனென்றால் சுமை ஏறினால் இண்டக்ஷன் மோட்டார் பின்தங்கும். ஓட்டம் வேகத்தின் விகிதத்திலும் ஹெட் அதன் வர்க்கத்திலும் மாறும். 28.6 மீட்டர் 29.4 ஆனது. வித்தியாசம் 3.8-இலிருந்து 3 ஆகக் குறைந்தது, ஒரு கணக்கும் மாற்றாமலே.

எவ்வளவு நெருங்கினால் போதும் என்றால், பம்பு சோதனைக்கான ஐஎஸ்ஓ 9906-இன் 2பி தரமே பம்புக்கு ஓட்டத்தில் 8 சதவீதமும் ஹெட்டில் 5 சதவீதமும் கூடக்குறைய அனுமதிக்கிறது. வடிவமைப்புப் புள்ளியில் உங்கள் கணிப்பு ஹெட்டில் 3 சதவீதத்துக்குள் வந்தால் நல்ல வேலை. முதல் மாதத்திலேயே 0.5 சதவீதத்துக்குள் வந்துவிட்டதென்றால், ஏதோ இரண்டு தப்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள்.

சொரசொரப்பு, கசிவு எல்லாம் சேர்த்தபின் என் வித்தியாசம் ஒன்றரை மீட்டருக்குள் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது: பெட்டில் திறனின் உச்சம் 10 லிட்டரில் இல்லை, 9.2 லிட்டரை ஒட்டி விழுந்திருந்தது. மென்பொருளில் எதை மாற்றியும் அது இடப்பக்கம் நகரவில்லை.

பெட்டு அண்ணனிடம் காட்டினேன். அவர் கர்வைப் பார்க்கவே இல்லை. ஸ்கிராப்பில் கிடந்த அதே மாடல் கேசிங் ஒன்றைத் தூக்கி வந்து, டெலிவரி வழியாகக் களிமண் உருண்டையைத் தொண்டையில் அழுத்தி, அச்சை மெதுவாக வெளியே எடுத்து என் கையில் வைத்தார். "அளந்து பாருங்க தம்பி." வெர்னியரில் 31.5 மில்லிமீட்டர் காட்டியது. வரைபடத்தில் 33. வார்ப்பில் என்ன நடந்திருந்தாலும் சரி, ஒன்றரை மில்லிமீட்டர் போய்விட்டது. பரப்பில் அது 9 சதவீதம்.

மேசைக்குத் திரும்பி, சிஎஃப்டி பக்கமே போகாமல், முதல் நாள் போட்ட எக்செல் தாளில் தொண்டை விட்டத்தை மட்டும் 31.5 என்று மாற்றினேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் இம்பெல்லர் தரும் சுழல்வேகத்தின் கோடும், தொண்டைக்கு வேண்டிய சுழல்வேகத்தின் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி 10 லிட்டரிலிருந்து 9.4-க்கு நகர்ந்தது.